எண்ணெயில் எத்தனால்: புல் மெஷினுக்கும் பழைய மோட்டாருக்கும் என்ன ஆகும், நாம் என்ன செய்யலாம்

"தம்பி, எண்ணெயில சாராயம் கலக்குறானுங்களாம். அதான் மெஷின் இழுக்க மாட்டேங்குது." சொல்லிக்கொண்டே அந்த அங்கிள் புல் வெட்டும் மெஷினைப் பட்டறை வாசலில் இறக்கி வைத்தார். கையில் போன். அதில் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் வீடியோவைப் பார்க்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் டின்னைத் திறந்த மாதிரி ஒரு புளித்த நெடி.

"எப்ப ஊத்துன எண்ணெய் அங்கிள் இது?"

"தீபாவளிக்கு முன்ன ஒரு தடவை வெட்டுனேன்."

அவர் வந்தது சித்திரை மாதம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சின்ன இன்ஜின் பழுது பார்க்கிற எனக்கு, இங்கே எண்ணெய் என்றால் பெட்ரோல்தான், இந்தப் பேச்சு இப்போது வாரத்துக்கு ஒரு முறையாவது வருகிறது. அந்த வீடியோக்கள் முழுப் பொய்யும் இல்லை, நம் ஊருக்கு அப்படியே பொருந்துவதும் இல்லை. இந்தியாவில் 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, அதாவது நூறு பங்கில் 20 பங்கு எத்தனால், அங்கிள் சொன்ன அந்தச் சாராயம். அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து வந்த புது வண்டிகளின் ஹோஸ், வாஷர் எல்லாம் அதற்கேற்ற பொருளில் வருகின்றன. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் புலம்புவதில் நியாயம் உண்டு. மலேசியாவில் நாடு முழுக்கக் கட்டாயமாகக் கலப்பது டீசலில்தான், அதுவும் எத்தனால் இல்லை, நம் செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கிற பயோடீசல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அப்படியானால் நமக்கு எதற்கு இந்தக் கவலை? கிரிக், பெங்காலான் ஹூலு வழியாகத் தாய்லாந்தின் பெத்தோங்குக்கு மோட்டாரில், அதாவது மோட்டார் சைக்கிளில், போகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். எல்லை தாண்டிப் போடுகிற எண்ணெய் பெரும்பாலும் எத்தனால் கலந்ததுதான். இன்னொன்று, எத்தனால் செய்கிற கெடுதலும் பழைய எண்ணெய் செய்கிற கெடுதலும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எது எதனால் என்று தெரியாமல், காற்றையும் எண்ணெயையும் கலந்து இன்ஜினுக்கு விடுகிற கார்ப்பரேட்டரை மாற்றிக் காசைக் கரைக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் அனுபவத்தில் தினமும் ஓடுகிற வண்டியை எத்தனால் அவ்வளவாகத் தொடுவதில்லை. நிற்கிற வண்டியைத்தான் பிடித்துக்கொள்கிறது.

கலந்த எண்ணெய் உள்ளே என்ன செய்கிறது

முதலில் தண்ணீர். பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாது. சாதா பெட்ரோல் டேங்கில் கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் அடியில் முத்து முத்தாகக் கிடக்கும், வடித்துவிடலாம். எத்தனால் அப்படியில்லை, தண்ணீரைக் கண்டால் கட்டிப் பிடித்துக்கொள்ளும். காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுக்கும். மத்தியானம் தவறாமல் மழை இறங்குகிற நம் ஊரில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

ஓர் அளவு வரைக்கும் இதனால் தொந்தரவு இல்லை, அந்த ஈரம் எண்ணெயோடு கலந்து எரிந்துவிடும். அளவு தாண்டினால்தான் வினை. ஒரு லிட்டர் இ10க்குள் (நூறில் பத்து பங்கு எத்தனால்) ஏறக்குறைய 5 மில்லி தண்ணீர், அதாவது ஒரு டீ ஸ்பூன், அவ்வளவுதான் தாங்கும். அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு மொத்தமாக அடிக்கு இறங்கிவிடும். மேலே நிற்பது ஆக்டேன் குறைந்த பெட்ரோல், கீழே கிடப்பது தண்ணீர்ச் சாராயம். கார்ப்பரேட்டருக்குப் போகிற குழாய் எங்கிருந்து உறிஞ்சுகிறது? அடியிலிருந்து.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இது எமன். பெட்ரோலில் கலக்கிற 2டி என்கிற மசகு எண்ணெய் பெட்ரோலோடுதான் கலந்து நிற்கும், கீழே இறங்கிய கலவையோடு சேராது. ஆக இன்ஜினுக்குள் போகிற சரக்கில் மசகு எண்ணெயே இல்லை. ஸ்டார்ட் ஆனால் சில நிமிடம் ஓடும், அப்புறம் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். என் சொந்த டூ ஸ்ட்ரோக் மோட்டார் ஒன்றை இப்படித்தான் பலி கொடுத்தேன். பெத்தோங் போய் வந்த மிச்ச எண்ணெயோடு மூன்று மாதம் கூரைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேன், மூடி வாஷர் வெடித்திருந்ததைக் கவனிக்கவில்லை. தப்பு என்னுடையது.

அடுத்தது காற்று. ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும், ஏனென்றால் ஆக்சிஜனைத் தன்னோடே கொண்டுவருகிறது. புது வண்டிகளில் சென்சாரும் கம்ப்யூட்டரும் அதைப் பார்த்து எண்ணெயைக் கூட்டிக்கொள்ளும். கார்ப்பரேட்டருக்குக் கண்ணும் இல்லை மூளையும் இல்லை, எண்ணெய் போகிற ஜெட் என்கிற சின்னத் துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். அதனால் கலவை மெலிந்து இன்ஜின் கூடுதலாகச் சூடேறும். இ10இல் இது பெரிதாகத் தெரியாது, இ20இல் தெரியும். மைலேஜும் கொஞ்சம் குறையும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி, எத்தனாலில் 21தான். கணக்குப் போட்டால் இ10க்கு 3 விழுக்காடு, இ20க்கு 7 விழுக்காடு அளவுக்கு இழப்பு. "பாதி மைலேஜ் போச்சு" என்பவர் கிளட்சையும் டயர் காற்றையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது ரப்பர். பக்கத்து கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கிய ரப்பர்க் கதை நம்முடையது. ஆனாலும் நாம் வெட்டிய பால் எண்ணெய் ஹோஸுக்கு உதவாது, இயற்கை ரப்பர் வெறும் பெட்ரோலிலேயே ஊதிப்போகும். ஹோஸ்கள் நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பரில் வரும். அதன் பழைய ரகங்கள் எத்தனாலில் ஊறினால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். கார்க் வாஷர்களும் அப்படியே. கண்ணாடி இழை டேங்க், துருவுக்காக உள்ளே பழைய எப்பாக்ஸி பூசிய டேங்க் இரண்டும் மெல்லக் கரைந்து பிசின் மாதிரி வரும். ஈரம் சேர்ந்த எத்தனால் கார்ப்பரேட்டரின் அலுமினிய, துத்தநாக வார்ப்பையும் அரிக்கும். கார்ப்பரேட்டரில் எண்ணெய் தேங்குகிற ஃப்ளோட் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அதுதான் தடயம்.

கடைசியாக, எத்தனால் நல்ல கரைப்பான். பல வருஷமாக டேங்கில் படிந்த பிசுக்கை முதல் இரண்டு டேங்கிலேயே கழுவிக்கொண்டு வந்து ஜெட்டில் அடைக்கும். எண்ணெய் மாற்றியதும் வண்டி திக்குகிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

உங்கள் எண்ணெயில் எத்தனால் உண்டா? வீட்டுச் சோதனை

வாதம் செய்வதைவிட இது சுலபம். 100 மில்லி அளவுக் குழாய் ஒன்று வேண்டும். பிளாஸ்டிக்கில் சில வெள்ளிக்கே (ரிங்கிட்) கிடைக்கும்.

1. வீட்டுக்கு வெளியே, அடுப்பு, சிகரெட், சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

2. குழாயில் 20 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு சொட்டு கேசரி கலர் சேர்த்தால் கோடு பளிச்சென்று தெரியும்.

3. அதன் மேல் 100 கோடு வரை பெட்ரோல், அதாவது 80 மில்லி.

4. குழாயின் வாயை இறுக்க மூடி ஒரு நிமிடம் குலுக்குங்கள். இடையில் ஒரு முறை மூடியைத் தளர்த்தி ஆவியை விடுங்கள்.

5. 15 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். 2டி கலந்த எண்ணெய் என்றால் நடுவில் நுரைத்து நிற்கும், அரை மணி நேரம் விடுங்கள்.

கீழே உள்ள கலர்த் தண்ணீர் 20 கோட்டிலேயே நின்றால் எத்தனால் இல்லை. எத்தனால் இருந்தால் அது பெட்ரோலை விட்டுத் தண்ணீருக்குத் தாவிவிடும், கோடு மேலேறும். 28 பக்கம் வந்தால் இ10, 36 பக்கம் வந்தால் இ20. ஒன்றிரண்டு மில்லி முன்பின் இருக்கும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். சோதித்த எண்ணெயைத் திரும்ப டேங்கில் ஊற்றாதீர்கள். சாக்கடையிலும் கொட்டாதீர்கள், கழிவு எண்ணெய் வாங்குகிற பட்டறையில் கொடுங்கள்.

புல் மெஷின், செயின்சா, மருந்து அடிக்கிற மெஷின்

இவைதான் முதலில் விழும். ஒரு நாள் வெட்டு, பிறகு இரண்டு மாதம் சுவரில் தொங்கல். டேங்க் சின்னது, கார்ப்பரேட்டர் ஓட்டைகள் ஊசி முனை அளவு. பல மெஷின்களில் ஃப்ளோட் கிண்ணத்துக்குப் பதில் காகிதம் மாதிரி ஒரு மெல்லிய டயஃப்ராம் இருக்கும். நல்ல டயஃப்ராம் விரலில் வெங்காயத் தோல் போலத் துவளும். கெட்டது விறைத்து, சுருங்கி, தட்டினால் டக்கென்று சத்தம் கொடுக்கும். கையில் எடுத்த உடனே தெரிந்துவிடும்.

சின்ன இன்ஜின் செய்கிறவர்கள் பெரும்பாலும் இ10 வரைதான் ஒத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் இ15 விற்றாலும் அதைச் சின்ன இன்ஜினுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 2001க்கு முந்தைய கார்களுக்கும் ஊற்றத் தடை. சூடு மட்டும் காரணமில்லை. கலவை மெலிந்தால் ஐட்லிங் வேகம் ஏறும், ஏறினால் கிளட்ச் தானே பிடித்துக்கொண்டு பிளேடு சுற்றத் தொடங்கும். ஆக்சிலேட்டரைத் தொடாமலே பிளேடு சுற்றுகிற புல் மெஷினை உடனே நிறுத்துங்கள். காரணம் எதுவானாலும் அதோடு வேலை செய்யக் கூடாது.

கலப்பது எப்படி என்று பார்ப்போம். மெஷின் புத்தகத்தில் 50க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி 2டி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. "ஒரு மூடி ஊத்து" என்கிற கணக்கை விடுங்கள், மூடிக்கு மூடி அளவு வேறு. அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். கலந்த தேதியை டின்னில் மார்க்கரால் எழுதுங்கள்.

டின் என்றதும் இன்னொன்று. 1.5 லிட்டர் மினரல் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை வைத்து மாடிப்படிக்குக் கீழே தள்ளுகிற பழக்கம் நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) வீட்டுக்கு வீடு இருக்கிறது. வெளிச்சம் படும், மூடி ஆவியைத் தடுக்காது, எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளை தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடும். எரிபொருளுக்கென்று செய்த, இறுக்க மூடுகிற கேன் வாங்குங்கள். ஸ்டேஷனில் கேனில் ஊற்ற விடுகிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 30 முதல் ரோன் 95 பெட்ரோல் மைகாட்டுக்கு (மலேசிய அடையாள அட்டைக்கு) லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்றானதிலிருந்து வாங்கிச் சேர்த்து வைக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் ஊறுகாய் இல்லை. எத்தனால் இல்லாதது நல்ல கேனில் ஆறு மாதம் தாங்கலாம். எத்தனால் கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் நான் நம்புவதில்லை.

வேலை முடிந்து மெஷினை மாட்டி வைக்கும்முன்:

1. டேங்கைக் கேனில் கவிழ்த்துக் காலி செய்யுங்கள்.

2. ஸ்டார்ட் செய்து, தானே அணையும் வரை ஓட விடுங்கள்.

3. எண்ணெயை இழுக்க அமுக்குகிற ரப்பர் குமிழை (பிரைமர் பல்ப்) எண்ணெய் வருவது நிற்கும் வரை அமுக்குங்கள். பிறகு இன்னொரு தரம் ஸ்டார்ட் செய்து பாருங்கள், சில நொடி ஓடி அணையும்.

4. பிளக்கைக் கழற்றி ஒரு சொட்டு 2டி விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு இழுப்பு. பிளக்கைத் திரும்பப் போடுங்கள்.

ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்கிறவர்கள் என் கடைக்குக் கயிறு அறுந்தால் மட்டுமே வருகிறார்கள். ஜெனரேட்டருக்கும் இதே வழி, அதில் ஃப்ளோட் கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் திறந்து வடித்தால் போதும்.

பழைய மோட்டார், பழைய கார்

கார்ப்பரேட்டர் வைத்த ஈஎக்ஸ்5, சி70, ஆர்எக்ஸ்இசட் போன்ற மோட்டார்கள் தினமும் ஓடினால் இ10க்குப் பயப்பட வேண்டாம். செய்ய வேண்டியது ஹோஸ் மாற்றுவது. பத்து வருஷத்துக்கு மேலான ஹோஸை வளைத்துப் பாருங்கள். மேலே நூல் நூலாக வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். வாங்கும்போது ஹோஸ் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள், அதன் உள் பூச்சு எத்தனாலைத் தாங்கும் விட்டான் வகை. மீட்டர் கணக்கில் விற்கிற கண்ணாடி மாதிரி ஹோஸ் பார்க்க அழகு, சில மாதத்தில் மஞ்சளித்துக் குச்சியாகிவிடும்.

டேங்க் மூடி வாஷரை மறக்காதீர்கள். மழையில் நிற்கிற மோட்டாரில் தண்ணீர் இறங்குகிற வழி பெரும்பாலும் அதுதான். சில வெள்ளி சாமான்.

எத்தனால் எண்ணெயில் தொடர்ந்து ஓட்டுவதாக இருந்தால் பிளக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஊரில் வைத்திருக்கிற பழைய பைக்குக்கு இது பொருந்தும். நல்ல வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, இன்ஜினை அணைத்து ஓரம் நிறுத்துங்கள். ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். முனை பிஸ்கட் நிறம் என்றால் சரி. வெள்ளை வெளேரென்று இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. அப்போது மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றலாம். 75 போட்டிருந்தால் 78 போதும், அதற்கு மேல் வேண்டாம். ஓட்டையின் விட்டம் கொஞ்சம் கூடினாலே எண்ணெய் நிறையப் பாயும். சாதா பெட்ரோலுக்குத் திரும்பினால் பழைய ஜெட்டையும் திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் பிளக் கறுக்கும்.

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா, அந்தக் காலத்து டட்சன் போன்ற கார்களில் எண்ணெய் பம்ப் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எத்தனால் சேர்ந்த எண்ணெய் சீக்கிரம் ஆவியாகும். வெயிலில் நெரிசலில் நின்றால் பம்பிலோ குழாயிலோ ஆவி அடைத்து வண்டி நின்றுவிடும், ஆறினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். முதல் இரண்டு டேங்க் முடிந்ததும் அதை மாற்றுங்கள்.

கடையில் அழகான பாட்டிலில் விற்கிற மருந்துகளைப் பற்றிக் கேட்பீர்கள். கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் நல்ல எண்ணெயில் ஊற்றினால் உதவும். அடியில் பிரிந்துபோன எண்ணெயை எந்த மருந்தும் திரும்பச் சேர்க்காது, வடித்துக் கொட்டுவதுதான் வழி. "தண்ணீர் எடுக்கும் மருந்து" என்பதில் பலவும் வேறொரு ஆல்கஹால்தான். ரோன் 97 ஊற்றினாலும் எண்ணெய் பழசாகாமல் இருக்காது.

பெத்தோங், ஹாட்யாய் போகிறவர்களுக்கு

தாய்லாந்து ஸ்டேஷனில் கேஸோஹோல் 91, கேஸோஹோல் 95 இரண்டும் இ10. இ20 என்பது தனிக் குழாய். எத்தனால் கலக்காததை பென்சின் 95 என்பார்கள், விலை கூடுதல், எல்லா ஸ்டேஷனிலும் இருக்காது. குழாயின் நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். பழைய கார்ப்பரேட்டர் மோட்டார் என்றால் பென்சின் 95, கிடைக்காவிட்டால் கேஸோஹோல் 95. இ20 வேண்டாம்.

புறப்படும்போது நம் பக்கத்திலேயே டேங்கை நிரப்பிக்கொண்டால் பெத்தோங்கில் ஊற்றுவது கொஞ்சமாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு டேங்க் இ10ஆல் எந்த மோட்டாரும் செத்ததில்லை. ஆபத்து திரும்பி வந்த பிறகுதான். மிச்ச எண்ணெயோடு நிறுத்திப் போர்வை போர்த்திவிடாதீர்கள். அந்த வாரமே வேலைக்கு ஓட்டித் தீர்த்து நம் எண்ணெயை நிரப்புங்கள். ஓட்ட நேரமில்லை என்றால் டேங்க் அடியில் இருக்கிற எண்ணெய்த் திருகை அடைத்துக் கார்ப்பரேட்டர் கிண்ணத்தை வடியுங்கள்.

டீசல் வண்டிக்கு ஒரு வார்த்தை

பழைய லாரி, டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு: 2019 பிப்ரவரியிலிருந்து சாலை வண்டிகளுக்கு பி10, அதாவது பத்து பங்கு செம்பனை பயோடீசல். இதுவும் பழைய பிசுக்கைக் கழுவும், தண்ணீரோடு சேர்ந்தால் டேங்கில் பாசி மாதிரி கிருமி, பூஞ்சை பிடிக்கும். ஃபில்டரைக் குறித்த காலத்துக்கு முன்பே மாற்றுங்கள், தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை வாராவாரம் வடியுங்கள்.

அங்கிளின் மெஷினுக்கு டயஃப்ராம் செட் ஒன்று மாற்றினேன், ஹோஸ் இரண்டு, புது எண்ணெய். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. டேங்கிலிருந்து வடித்த பழைய எண்ணெயை அவர் கண் முன்னாலேயே அளவுக் குழாயில் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். அரை மணி நேரம் டீ குடித்துக்கொண்டே பார்த்தோம். சிவப்புக் கோடு 20ஐ விட்டு அசையவில்லை. அங்கிள் போனை எடுத்து அதைப் படம் பிடித்து, வீடியோ அனுப்பிய சொந்தக்காரருக்கே அனுப்பிவிட்டார்.